தெப்பமும் தோணியும்: சீலப்பற்று குறித்த பௌத்த உரையும் தர்மத்யாகம் குறித்த எம்பெருமானார் நிர்வாஹமும்

கச்சிமாநகர் உரையாசிரியர்களின் ஊர். ஸ்ரீவைஷ்ணவர் இவ்வாறு சொல்லும்போது, 1017ஆம் ஆண்டில் ஸ்ரீபெரும்பூதூரில் திருவவதரித்துப் பெருமாள் கோயிலில் பேரருளாளனுக்குத் தொண்டு பூண்டிருந்த எம்பெருமானாரையும், 1268ஆம் ஆண்டில் தூப்புலில் திருவவதரித்த ஸ்ரீதேசிகனையும் நினைப்பது இயல்பு. இவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பு வேறோர் உரையாசிரியரும் அந்நகரில் தங்கியிருந்தார். அவர் பாலி மொழியில் திரிபிடக நூல்களுக்கு உரை வகுத்த புத்தகோஷர்; கி.பி. ஐந்தாம் நூற்றாண்டினர். அங்குத்தர நிகாயத்துக்குத் தாம் இயற்றிய மனோரதபூரணி என்னும் உரையின் முடிவில், காஞ்சிபுரம் முதலான இடங்களில் தம்மோடு முன்பு உடனுறைந்த ஜோதிபால தேரர் வேண்டியதனால் அவ்வுரை எழுந்தது என்று அவரே குறித்துள்ளார்.

காஞ்சிக்கும் பூதூருக்கும் இடையே ஒரு நாள் நடைதான். வாலாஜாபாத், ஒரகடம், சேரப்பணஞ்சேரி, படப்பை என நீளும் இந்நிலப்பகுதியில் இன்று ஏரிகளை அடுத்துத் தொழிற்சாலைகள் நிற்கின்றன. இதே மண்டலத்தில் வாழ்ந்த இரண்டு உரையாசிரியர்கள், தத்துவத்தில் ஒருவர்க்கொருவர் நேர்எதிரானவர்கள், ஒரே வகையான இடரை எதிர்கொண்டார்கள். இருவர்க்கும் மூலநூலில் “தர்மங்களையும் விடுக” என்னும் பொருள்படும் ஒரு வாக்கியம் இருந்தது. அதனைச் சொல்லளவில் கொண்டால் ஒழுக்கம் அழியும். புறக்கணித்தால் மூலம் பொய்க்கும். அவ்விடரை இருவரும் எவ்வாறு தீர்த்தனர், அத்தீர்வு எங்கே ஒன்றுபடுகிறது, எங்கே பிரிகிறது என்பது நம் தர்சனத்தைக் கற்பவர்க்கு அறியத்தக்க செய்தி.

கச்சியில் பௌத்தம்

ஏழாம் நூற்றாண்டின் முற்பாதியில், 640ஆம் ஆண்டளவில், காஞ்சியைக் குறித்து எழுதிய சீன யாத்திரிகர் யுவான் சுவாங், அங்கு நூறளவில் சங்காராமங்களும் பதினாயிரம் பிக்குகளும் இருந்தனர் என்றும், எண்பதளவில் தேவாலயங்கள் இருந்தன என்றும், நிக்கந்தரும் பலர் என்றும் கூறுகிறார். நாலந்தாவின் தலைமை ஆசிரியராக விளங்கிய தர்மபாலர் இந்நகரில் பிறந்தவர் என்பதும் அவர் தரும் செய்தி. பிரமாண சாஸ்திரத்தில் பெரும்பெயர் பெற்ற திங்நாகரையும் காஞ்சிக்கு அருகிலுள்ள ஊரினர் என்று திபெத்திய மரபு சொல்லும். மணிமேகலைக் காப்பியத்தில் தலைவி சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்பது வஞ்சியில். அறவண அடிகளிடம் தருமம் கேட்டு நோன்பு பூண்பது கச்சியில். வஞ்சியில் அவள் கேட்ட வாதிகளுள் வைணவவாதியும் ஒருவன் என்பது நம்மவர் நினைவில் கொள்ளத்தக்கது. 1915ஆம் ஆண்டில் தி. அ. கோபிநாத ராவ், காஞ்சியில் எஞ்சியிருந்த புத்தர் உருவங்களைப் பற்றி எழுதி வெளியிட்டார். ஆகவே ஸ்ரீபாஷ்யத்தின் தர்க்கபாதத்தில் மறுக்கப்படும் சௌகதர், நம் ஆசாரியர்களின் சொந்த மண்டலத்தில் விகாரமும் நூலும் கொண்டு நெடுங்காலம் வாழ்ந்தவர்கள்.

மற்றொரு செய்தியும் இங்கே உரைக்கத்தக்கது. மணிமேகலையை 1898ஆம் ஆண்டில் பதிப்பித்த உ. வே. சாமிநாதையருக்கு, அக்காப்பியத்தின் பௌத்தக் கருத்துகள் முதலில் விளங்கவில்லை. கும்பகோணம் கல்லூரியில் இருந்த மளூர் ரங்காசாரியர் பௌத்த நூல்களைப் படித்து அவருக்குப் பொருள் சொன்னார். அதே ரங்காசாரியரே, வரதராஜ ஐயங்காரோடு சேர்ந்து ஸ்ரீபாஷ்யத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். அதன் முதற்பகுதி 1899ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஸ்ரீபாஷ்யத்தில் ஆழ்ந்த ஒருவர்க்குப் பௌத்த நூலைக் கற்பதில் அச்சம் இருக்கவில்லை. பூர்வபக்ஷத்தை உள்ளவாறு அறியாதவன் சித்தாந்தத்தையும் உள்ளவாறு அறியான் என்பது நம் சம்பிரதாயத்தின் பழைய நெறி.

சீலமும் சீலப்பற்றும்

பௌத்த நெறியில் சீலம் அடித்தளம். புத்தகோஷர் இயற்றிய விசுத்திமார்க்கம் இருபத்துமூன்று அத்தியாயங்கள் உடையது. சீலம், சமாதி, பிரஜ்ஞை என்னும் மூன்றின் வரிசையில் அமைந்த அந்நூல் சீலத்திலேயே தொடங்குகிறது. மணிமேகலையில் அறவண அடிகள் பத்துத் தீவினைகளை எண்ணுகிறார். உடம்பில் தோன்றுவன கொலை, களவு, காமம் என மூன்று. சொல்லில் தோன்றுவன பொய், குறளை, கடுஞ்சொல், பயனில்சொல் என நான்கு. உள்ளத்தில் தோன்றுவன வெஃகல், வெகுளல், தீக்காட்சி என மூன்று. இவ்வெண்ணிக்கையில் தீக்காட்சி, அதாவது பிழையான கொள்கை, கொலை களவுகளோடு ஒருசேர வைக்கப்பட்டிருப்பது நோக்கத்தக்கது. கொள்கைப் பிழையும் ஒழுக்கப் பிழையே என்பது அவர்கள் துணிபு.

இவ்வாறு சீலத்தை அடித்தளமாக வைத்த நெறியே, சீலத்தைப் பற்றுதலைக் குற்றமாகவும் எண்ணியது. உபாதானம், அதாவது பற்று, நால்வகை என்பர்: காமப்பற்று, திருஷ்டிப்பற்று, சீலவிரதப்பற்று, ஆத்மவாதப்பற்று. பிறவிப்பிணிப்புகளாகிய பத்து ஸம்யோஜனங்களிலும் சீலவிரதப்பற்று மூன்றாவதாக நிற்கிறது. நெறியில் முதற்படி ஏறுகின்றவனே அதனை விட்டவனாதல் வேண்டும். பசுவைப்போலவும் நாயைப்போலவும் ஒழுகுவதையே விரதமாகக் கொண்ட இருவர் புத்தரை அணுகிய வரலாறு மஜ்ஜிம நிகாயத்தில் உண்டு. சீலத்தாலேயே தூய்மை, விரதத்தாலேயே தூய்மை என்று கொள்ளும் புறத்தாரின் கோட்பாட்டையே சீலவிரதப்பற்று என்னும் சொல் முதலில் சுட்டியது. அப்புறத்தாருள் வைதிகரையும் அவர்கள் சேர்த்தே எண்ணினர் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அரிட்டனின் பிழை

பற்றை விடு என்றால் ஒழுக்கத்தையும் விடலாமோ என்னும் கேள்வி உடனே எழும். மஜ்ஜிம நிகாயத்தின் இருபத்திரண்டாம் சூத்திரம் அக்கேள்வியிலிருந்தே தொடங்குகிறது. அரிட்டன் என்னும் பிக்கு, ஆசிரியர் இடையூறு என்று சொன்னவை அவற்றில் ஈடுபடுவோர்க்கு இடையூறாகமாட்டா என்று ஒரு கொள்கை கொண்டான். உடனிருந்த பிக்குகள் எடுத்துரைத்தும் விட்டிலன். அவனை முன்னிட்டு இரண்டு உவமைகள் சொல்லப்படுகின்றன. முதலாவது பாம்பு: வாலில் பிடித்தவனைப் பாம்பு திரும்பிக் கடிக்கும், கவட்டுக்கோலால் அடக்கிக் கழுத்தில் பிடித்தவன் பிழைப்பான். நூலைக் கற்பதும் அத்தகையது. பிழையாகப் பற்றினவனை நூலே கெடுக்கும். இரண்டாவது தெப்பம்: புல்லும் கொம்பும் இலையும் சேர்த்துக் கட்டிய தெப்பத்தால் கைகால்களின் முயற்சியால் ஆற்றைக் கடந்தவன், கரையேறியபின் நன்றி கருதி அதனைத் தலையில் சுமந்து திரிவது தகாது. இவ்வாறே தர்மங்களும் விடத்தக்கன. அதர்மங்களைச் சொல்லவும் வேண்டுமோ என்று அவ்வுவமை முடிகிறது.

இவ்விடத்தில் புத்தகோஷரின் பபஞ்சஸூதனி என்னும் உரை ஆராயத்தக்கது. தர்மங்கள் என்றது சமதமும் விபச்யனையும் ஆகிய உயர்ந்த பாவனைகளை என்கிறது உரை. விடுக என்றது அவற்றின்மேலுள்ள அவாவையும் பற்றையும். பாவனைகளையே கைவிடும்படி சொல்லியதன்று. இத்துணை அமைதியும் மேன்மையும் உடைய பாவனைகளில்கூடப் பற்று ஆகாதென்றால், அரிட்டன் குற்றமில்லை என்று கண்ட இழிந்த ஒழுக்கத்தில் இடமேது என்பது உரையின் முடிவு. தெப்பத்தை விடச் சொன்ன வாக்கியத்தைத் தீயொழுக்கத்துக்கு அனுமதியாகக் கொள்வதற்கு உரையாசிரியர் ஒரு சிறு வாசலும் வைக்கவில்லை.

உரை அடைத்த வாசலை நடைமுறை திறக்க முயன்றதும் உண்டு. முதலாம் மகேந்திரவர்மன் இயற்றிய மத்தவிலாஸப் பிரஹஸனம் ஏழாம் நூற்றாண்டுத் தொடக்கத்துக் காஞ்சியைக் களமாகக் கொண்டது. அதில் நாகசேனன் என்னும் பிக்கு, கருணையுள்ள புத்தர் மதுவையும் மகளிரையும் விலக்கியிருக்கமாட்டார், முதியவர்கள் பொறாமையால் அவ்வனுமதியை மூலநூலிலிருந்து மறைத்திருப்பர், அம்மூலத்தைத் தேடி எடுக்க வேண்டும் என்று எண்ணுகிறான். இது நகைப்புக்காக எழுதப்பட்டது. அதே நாடகத்தில் காபாலிகனும் பாசுபதனும் நகைக்கப்படுகின்றனர். ஆயினும் அந்த நாகசேனன் அரிட்டனின் நேர் வாரிசு. நூலைத் தன் விருப்பத்துக்கு வளைப்பவன் எல்லாச் சமயத்திலும் தோன்றுவான் என்பதை அம்மன்னன் அறிந்திருந்தான்.

எம்பெருமானாரின் நிர்வாஹம்

ஸ்ரீகீதையின் பதினெட்டாம் அத்தியாயத்துச் சரமசுலோகம், எல்லாத் தர்மங்களையும் விட்டு என்னையொருவனையே சரணமாகப் பற்று என்று விதிக்கிறது. இங்கும் அதே இடர். அர்ஜுனன் போரைத் தவிர்க்கக் கேட்டவன். அவனுக்கு எல்லாத் தர்மங்களையும் விடு என்று சொல்லால் மட்டும் பொருள் கொண்டால், அதுவரை சொன்ன பதினேழு அத்தியாயங்களும் வீணாகும்.

எம்பெருமானார் கீதாபாஷ்யத்தில் இதற்கு இரண்டு பொருள்கள் அருளிச்செய்கிறார். முதலாவது: கர்மயோக, ஜ்ஞானயோக, பக்தியோகங்களாகிய தர்மங்களைத் திருவாராதனமாகச் செய்துகொண்டே, அவற்றின் பலத்தையும், இது என்னுடைய கர்மம் என்னும் மமதையையும், நானே கர்த்தா என்னும் அபிமானத்தையும் விடுகை. அவ்வத்தியாயத் தொடக்கத்தில் த்யாகத்தை விளக்குமிடத்திலேயே பலத்யாகம், கர்மத்யாகம், கர்த்ருத்வத்யாகம் என்னும் மூன்றை அவர் பிரித்துக் காட்டியிருப்பதனால், முடிவில் வரும் த்யாகச்சொல்லுக்கும் அதுவே பொருளாயிற்று. இரண்டாவது: பக்தியோகத்தைத் தொடங்கவொட்டாமல் தடுக்கும் எண்ணிறந்த பாபங்களுக்கு விதித்த, நெடுங்காலம் செய்யவேண்டிய பிராயச்சித்த தர்மங்களை விட்டு, அவற்றின் இடத்தில் பகவானையே பற்றுகை. இவ்விரு பொருள்களிலும் ஒழுக்கத்தின் ஸ்வரூபம் விடப்படவில்லை.

பபஞ்சஸூதனியும் கீதாபாஷ்யமும் இவ்விடத்தில் அருகருகே நிற்கின்றன. செயலை வைத்துக்கொள், பற்றை விடு என்பது இருவர் முடிவும். எம்பெருமானார் பாலி உரையைக் கண்டார் என்று கூறுவதற்கு இடமில்லை, கூறவும் வேண்டா. மூலத்தைப் பொய்யாக்காமல் ஒழுக்கத்தையும் காக்கக் கடமைப்பட்ட நேர்மையான உரையாசிரியன் வந்து சேரும் இடம் அதுவே.

ஒற்றுமை இவ்வளவு. வேற்றுமை ஸ்ரீபாஷ்யத்தில் வெளிப்படுகிறது. இரண்டாம் அத்தியாயம் இரண்டாம் பாதத்தில் வைபாஷிகர், சௌத்ராந்திகர், யோகாசாரர், மாத்யமிகர் என்னும் நால்வகைச் சௌகதரின் கொள்கைகளை எம்பெருமானார் அடைவே எடுத்து மறுக்கிறார். அங்கே அவர்களுடைய கொல்லாமையையும் வாய்மையையும் அவர் குறைகூறவில்லை. அவர் வினவுவது, அந்தச் சீலம் யாருடையது என்பதே. எல்லாம் கணந்தோறும் அழிவதானால், முயன்றவன் பலன் பெறுமுன்னே அழிகிறான். பலன் பெறுபவன் முயலாத வேறொருவன். அவ்வாறாயின் முயற்சியின்றி இருப்பவர்க்கும் இம்மைப் பயனும் மோக்ஷமும் சித்திக்க வேண்டிவரும். முன்பு கண்டவனே இன்று காண்கிறான் என்னும் ப்ரத்யபிஜ்ஞையும் பொருந்தாது. சீலவிரதப்பற்றை விட்டவர்கள் ஆத்மவாதத்தையும் பற்றென்று விட்டபோது, சீலத்தைக் காத்தவனையே இழந்தனர் என்பது இதனால் தேறும் கருத்து.

நம் தர்சனத்தில் கர்த்ருத்வாபிமானம் விடப்படுகிறது, கர்த்தா விடப்படவில்லை. ஜீவனுடைய கர்த்ருத்வம் பரமாத்மாவின் அதீனம் என்று ஸ்ரீபாஷ்யத்தின் இரண்டாம் அத்தியாயம் மூன்றாம் பாதத்தில் நிலைநாட்டப்படுகிறது. நான் இல்லை என்பதனால் பற்று விடுவது அவர்கள் நெறி. நான் அவனுக்குச் சேஷன், என்னுடையது என்று ஒன்றுமில்லை என்பதனால் பற்று விடுவது நம் நெறி.

அதர்மம் புகுமோ என்னும் வினா

அரிட்டனின் கேள்வி நம் சம்பிரதாயத்திலும் எழுந்தது. தர்மங்களை விடச் சொன்னதனால் அதர்மங்கள் உள்ளே புகாவோ என்று சிலர் சொன்னதைப் பிள்ளை லோகாசாரியர் முமுக்ஷுப்படியில் தாமே எடுத்து ஆராய்கிறார். அதர்மத்தைச் செய் என்று வாக்கியம் சொல்லவில்லை என்பது முதல் விடை. சொல்லாமலே அது தேறாதோ என்றால், தர்மம் என்னும் சொல் அதர்மத்தினின்று மீள்வதைக் குறிக்காது. குறித்தாலும் அதனை நீக்கி மற்றவற்றையே கொள்ளவேண்டும் என்பது அடுத்த விடை. இறுதியாக, தன்னையும் ஈச்வரனையும் பெறும் பலத்தையும் பார்த்தால் அதர்மம் புகுவதற்கு வழியே இல்லை என்று முடிக்கிறார். முதலிரண்டு விடைகள் சொல்லாராய்ச்சி. மூன்றாவதே உயிரானது: தான் சேஷன் என்று அறிந்தவன் சேஷியின் திருவுள்ளத்துக்கு மாறானதை எவ்வாறு செய்வான்?

த்யாகத்தின் வகையையும் அவர் தெளிவாக்குகிறார். சிப்பியை வெள்ளி என்று கருதியவன் உண்மை உணர்ந்து நாணுவதுபோல, உபாயம் அல்லாதவற்றை உபாயம் என்று கொண்டோமே என்னும் உணர்வோடு விடுவதே த்யாகம். விடப்பட்ட கர்மம் கைங்கர்யத்தில் புகும், ஜ்ஞானம் ஸ்வரூபப் பிரகாசத்தில் புகும், பக்தி ப்ராப்யருசியில் புகும். ப்ரபத்தியும் உபாயமாக எண்ணப்படாமல் ஸ்வரூபத்தின் உண்மையறிவில் அடங்கும். ஒன்றும் வெளியே எறியப்படவில்லை. ஒவ்வொன்றும் தன் இடம் மாறுகிறது.

ஸ்ரீதேசிகன் ரஹஸ்யத்ரயஸாரத்தில் இச்சுலோகத்தின் த்யாகச்சொல்லை வேறு வகையாக நிர்வஹிக்கிறார். மற்ற உபாயங்களுக்குச் சக்தியற்று நிற்கும் அதிகாரியின் நிலையை அது அநுவதிக்கிறது என்பதும், சரணாகதி வேறொன்றை எதிர்பாராதது என்பதும் அவர் காட்டும் பொருள்கள். நித்ய நைமித்திக கர்மங்கள் பகவானுடைய ஆஜ்ஞை ஆகையால், ப்ரபந்நனும் அவற்றை ஆஜ்ஞாகைங்கர்யமாகச் செய்தே தீரவேண்டும். இரு நிர்வாஹங்களிடையே உள்ள வேறுபாடு பெரிது. அதனைக் குறைத்துச் சொல்வது இரு ஆசாரியர்களுக்கும் அபசாரமாகும். எனினும் அரிட்டனுக்கு இருவரும் ஒரே விடையையே தருகின்றனர்.

தெப்பமும் தோணியும்

தெப்ப உவமையின் அழகை மறுப்பதற்கில்லை. ஆனால் அத்தெப்பம் கடப்பவனே கட்டியது. அவன் கைகால்களின் முயற்சியால் செல்வது. கரையேறியதும் அவனால் விடப்படுவது. கடந்தபின் அங்கே அவனுக்கு உறவாக ஒன்றும் இல்லை. நாச்சியார் திருமொழியில் ஆண்டாள் துன்பக்கடலில் நின்று வைகுந்தனையே தோணியாகக் காண்கிறாள். அத்தோணியைக் கட்டியவர் ஒருவரும் இலர், அது ஸித்தோபாயம். கரையேறியபின் அதனை விடவும் முடியாது. ஏற்றிய தோணியே சேரும் கரையாகவும் இருக்கிறது. உபாயமும் உபேயமும் ஒருவனே என்று பூர்வாசாரியர்கள் அருளியதன் பொருள் இதனில் அடங்கும்.

தெப்பம் கட்டுகிறவனுக்குத் தன் தெப்பத்தின்மேல் பற்று வருவது இயற்கை. ஆகையால் அதனை விடும்படி அவனுக்கு உபதேசம் வேண்டியிருந்தது. தோணியால் எடுக்கப்பட்டவன் தன்னுடையது என்று பற்றுவதற்கு யாதொன்றும் இல்லை. ஆயினும் பற்று அவனை அணுகாது என்று சொல்லிவிட முடியுமா?

இங்கே வரலாறு நம்மையும் வினவுகிறது. திருமாலையில் சாக்கியரை மிகக் கடுமையாகப் பேசும் பாசுரம் உண்டு. நாகப்பட்டினத்துப் பொன் புத்தவுருவைத் திருமங்கையாழ்வார் கொணர்ந்து திருவரங்கத் திருமதிள் கைங்கர்யத்துக்கு ஆக்கியதைக் குருபரம்பரையே சொல்கிறது. பௌத்தரின் கண்ணில் அது இரண்டாம் சீலத்தின் மீறல். நம்மவர்க்கு அது ஆழ்வாரின் பகவத்ப்ரேமத்தின் எல்லை. பிறர்க்கு அநுஷ்டானமாக விதிக்கப்பட்டதன்று. இவற்றைக் காட்டி இன்று பிறசமயத்தாரை இகழ்வோர், ஆழ்வார்களுடைய ப்ரேமத்தில் ஒரு துளியும் இல்லாமல் சொல்லின் வெம்மையை மட்டும் கைக்கொள்கின்றனர். பாம்பை வாலில் பிடிப்பதென்பது இதுதான்.

அதனினும் அணுகிய சான்று நம் வீட்டுக்குள்ளேயே உண்டு. சரமசுலோகத்தின் நிர்வாஹபேதம் வித்வான்களிடையே வாதமாக இருந்தவரை அது சாஸ்திரத்துக்கு ஊட்டம் தந்தது. கலைபேதம் திருமண்காப்பின் வடிவத்துக்கும் ஸந்நிதியில் அத்யாபக உரிமைக்கும் போராட்டமானபோது, பேரருளாளன் திருமுன்பிலேயே பூசல் எழுந்தது. 19ஆம் நூற்றாண்டிலேயே காஞ்சித் திருக்கோயில் வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. தர்மங்களில் பற்றை விடுக என்னும் ஒரே வாக்கியத்தின் பொருளைக் குறித்து இரு திறத்தார் கொண்ட பற்று, நீதிபதிகள் எண்ணிப் பார்க்கும் பொருளாயிற்று. திருஷ்டிப்பற்று என்று பௌத்த உரையாசிரியர் பெயரிட்டதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டா.

சௌகதரின் தத்துவத்தை எம்பெருமானார் மறுத்தது முற்றும் மறுத்ததே. அதனை மீண்டும் நிறுவுவதற்கு இடமில்லை. ஆனால் சித்தாந்தம் சரியானதாயிருத்தல் வேறு, அதனை என்னுடையது என்று பற்றியிருத்தல் வேறு. கர்மத்தில் மமதை ஆகாது என்று அருளிச்செய்த பாஷ்யகாரர், பாஷ்யத்தில் மமதையை அனுமதித்திருப்பாரோ? கச்சியிலும் பூதூரிலும் காலக்ஷேபம் கேட்போர், மூன்று த்யாகங்களைக் கேட்கும்போதெல்லாம் இக்கேள்வியையும் உடன்கேட்பது எம்பெருமானார் திருவுள்ளத்துக்கு உகப்பாகும்.